டம்ளர் வைக்கும் சத்தம்

போன வியாழக்கிழமை காலையில் ஓர் ஆட்டோக்காரர் வந்து, செய்தித்தாள் சுற்றிச் சணல் கட்டிய தட்டையான பொட்டலம் ஒன்றை என் கையில் கொடுத்தார். "பீச் ரோட்டு அக்கா குடுத்துவிட்டாவ" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பொட்டலத்தில் முகவரி இல்லை, சீட்டு இல்லை. முப்பத்தைந்து வருஷம் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் குப்பை கொட்டியவன் நான். சீட்டு இல்லாத பொட்டலத்தை அப்படியே பிரித்துவிட எனக்குக் கை வராது. முதலில் முகர்ந்து பார்த்தேன். ஸ்பிரிட் வாசனை அடித்தது. ஊசி போடுமுன் கையில் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட். உம் வீட்டு மாடி அறையின் வாசனை.

நீர் போய் ஏழு மாதம் ஆகிறது. உம்மை அடக்கம் செய்த அன்றுகூட வராத அழுகை அந்த வாசனைக்கு வந்தது. அதோடு நின்றிருந்தால் நான் நல்ல மனுஷன். அடுத்த நிமிஷமே உள்ளே அரிக்க ஆரம்பித்துவிட்டது. பீச் ரோட்டு அக்கா என்றால் உம் மனைவி, நான் கூப்பிடுவது மதினி. மதினி எதற்காக இதை எனக்கு அனுப்ப வேண்டும்?

பிரித்தால் வளையல் ரெக்கார்டு. அட்டை ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது. உள்ளே நீர் அளவெடுத்து வெட்டிப் போட்ட பட்டர் பேப்பர் உறை. உம்மிடம் இருந்த முந்நூறு சொச்சம் ரெக்கார்டுகளில் இந்த ஒன்றை மட்டும் ஏன்? நமக்குள் நடந்தது தெரிந்து குத்திக் காட்டுகிறாரா? அன்றைக்கு முழுக்க அதை மேசை மேல் வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

வெளியாள் யாராவது நம் பேச்சைக் கேட்டிருந்தால் இரண்டு பேரையும் பைத்தியம் என்றிருப்பார்கள். நல்ல ரெக்கார்டுக்கு நீர் வைக்கும் பெயர் வாசித்தவர் பெயரும் அல்ல, ராகத்தின் பெயரும் அல்ல. தப்பித் தவறி அதில் பதிவாகிவிட்ட சத்தத்தின் பெயர். நாதஸ்வரத் தட்டு ஒன்றில் வாசிப்பவர் மூச்சை இழுப்பது கேட்கும். அது மூச்சு ரெக்கார்டு. எங்கேயோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் நீர் வாங்கிய தேவாலயப் பாடல் தட்டில், இரண்டாம் பக்கம், பின்வரிசையில் யாரோ நகர்ந்து உட்காருவார். அது பெஞ்சு ரெக்கார்டு. வயலின் தட்டில் ஜன்னலுக்கு வெளியே காகம் இரண்டு தடவை கத்தும். இந்த வளையல் ரெக்கார்டு ஓர் அம்மாள் வாசித்த வீணை. கை இறங்கும்போது வளையல் மரத்தில் லேசாகப் படும். கட்டிடத்தை அதிர வைக்கிற செட்டில்கூட அது கேட்காது. நல்ல ஊசி, நல்ல ஸ்பீக்கர், நல்ல காது மூன்றும் சேர வேண்டும். "பாட்டை எவனும் கேப்பான் வே. வளையல் கேக்கணும். வளையல் கேட்டாத்தான் அந்த அம்மா இங்கன வந்து உக்காந்திருக்காவன்னு அர்த்தம்" என்பீர்.

உம்மை நான் முதலில் சந்தித்ததே சந்தேகத்தில்தான். கப்பல் இன்ஜின் ரூமில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு நீர் ஊரோடு வந்த சமயம். உம் பெட்டிக்குக் காகிதம் பார்த்தவன் நான். 'பழைய துணிமணி, வீட்டுச் சாமான்' என்று எழுதிக் கொடுத்திருந்தீர். பெட்டியோ நாலு பேர் தூக்கும் கனம். துணி இவ்வளவு கனக்குமா என்று திறக்கச் சொன்னேன். கைலிகளுக்கு நடுவே ஆம்ப்ளிஃபையர், போர்வைக்குள் டர்ன்டேபிள், தலையணை உறைக்குள் ரெக்கார்டுகள். "வீட்டுச் சாமான்தான வே? என் வீட்ல இதுதான் சாமான்" என்றீர், கொஞ்சமும் அசராமல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்கு வரச் சொன்னீர்.

மூச்சு ரெக்கார்டைத்தான் முதலில் போட்டீர். ஸ்ரீவைகுண்டத்துக்காரன் நான், கோவில் வாசலில் நாதஸ்வரம் கேட்டே வளர்ந்தவன். ஆனால் வாசிப்பவரின் மூச்சை அதற்கு முன் கேட்டதில்லை. எழுந்து போய் ஸ்பீக்கருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன், வேறு ஏதாவது மறைத்து வைத்திருக்கிறீரா என்று. நீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர். "கஸ்டம்ஸ்காரன் புத்தி போகுமா?" என்றீர். நான் கஸ்டம்ஸ்காரன் இல்லை, வெறும் ஏஜென்ட் ஆபீஸ் கிளார்க் என்று எத்தனை முறை சொன்னாலும் உமக்கு அந்தப் பெயர்தான் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம், ஞாயிறு தோறும் பத்து மணிக்கு நான் உம் மாடியில் இருந்தேன்.

உடைக்கப் போன கப்பல் ஒன்றிலிருந்து கிடைத்த பழைய லைஃப் ஜாக்கெட்டுகளை நாலு சுவரிலும் நெருக்கமாக ஆணி அடித்து மாட்டியிருந்தீர். துறைமுக ரோட்டு லாரி இரைச்சல் உள்ளே வராமல் இருக்க அது உம் ஏற்பாடு. முழுகப் போகிற கப்பலில் உட்கார்ந்து வீணை கேட்பது மாதிரி இருக்கும். மாதா கோவிலில் காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, ஒவ்வொரு வயர் முனையாகத் துடைப்பீர். நம் ஊர் உப்புக் காற்று ஒரே வாரத்தில் செம்பில் பச்சை பிடிக்க வைத்துவிடும். துடைக்காமல் போட்டால் வளையல் காணாமல் போகும். அதன் பிறகு நடு நாற்காலியில் உட்காருவீர். இரண்டு ஸ்பீக்கருக்கும் சமதூரம் வரும்படி கயிறு பிடித்து அளந்து போட்ட நாற்காலி. அதில் என்னை ஒரு நாள் உட்கார விட்டதில்லை. கேட்டால், "கேப்டன் சீட்ல பாசஞ்சர் உக்காரலாமா வே?" என்பீர்.

கடைசி நாலு வருஷத்தில் ஒவ்வொன்றாக மாறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீராகவே நடு நாற்காலியைக் காட்டி, "நீரு அங்கன உக்காரும்" என்றீர். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பதினைந்து வருஷம் கொடுக்காததை இன்றைக்கு எதற்குக் கொடுக்கிறார் என்றுதான் தோன்றியது. நீர் ஒரு ஸ்டூலை இழுத்து, என் வலப்பக்கம், முழங்கை இடிக்கிற நெருக்கத்தில் போட்டுக்கொண்டு என் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தீர். அத்தனை பெரிய அறையில் அப்படி ஒட்டிக்கொண்டு உட்கார என்ன இருக்கிறது? என்னை வேவு பார்க்கிறீர் என்று நினைத்தேன்.

சத்தமும் கூடிக்கொண்டே போனது. அடுத்த வீட்டுக்குக் கேட்டால் அது சங்கீதமே இல்லை என்று சொன்ன மனுஷன், தெருமுனை வரை கேட்க வைத்தீர். குற்றம் கண்டுபிடிப்பதையும் நிறுத்திவிட்டீர். எதைப் போட்டாலும் "நல்லாருக்கு". உம் வாயிலிருந்து நல்லாருக்கு என்று வந்தாலே எங்கேயோ உதைக்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் கேள்விகள். ஊசி இறங்கியதும் ஆரம்பித்துவிடுவீர்.

"என்ன கேக்கு? சொல்லும்."

சொல்லுவேன்.

"வளையல் எத்தன தடவ பட்டுச்சு? எந்தப் பக்கம்? மிருதங்கக்காரரு இப்ப என்ன செய்யுதாரு?"

வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி அத்தனை சத்தத்துக்கும் மேலாக நான் கத்திச் சொல்ல வேண்டும். நீர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவீர்.

என் தொழில் புத்தி வேலை செய்தது. சீல் உடையாத பெட்டியில் சரக்கு மாறியிருப்பதை எத்தனை தடவை பார்த்திருப்பேன். செட்டிலிருந்த ஜப்பான் ஊசி உடைந்து போய்விட்டது, டூப்ளிகேட் போட்டிருக்கிறீர், அதை மறைக்கத்தான் சத்தத்தைக் கூட்டுகிறீர், நான் கண்டுபிடிக்கிறேனா என்று ஆழம் பார்க்கத்தான் கேள்வி கேட்கிறீர் என்று முடிவு கட்டினேன். ஒரு நாள் நீர் எனக்குத் தின்ன மக்ரூன் எடுத்து வரக் கீழே போயிருந்தபோது, திருட்டுத்தனமாக ஊசியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அசல்தான். அதோடாவது நான் அடங்கியிருக்கலாம். ஊசி அசல் என்றால் ஆள்தான் டூப்ளிகேட் என்று என் புத்தி போயிற்று. வளையல், பெஞ்சு, மூச்சு என்று இத்தனை வருஷமும் என் காதில் பூ சுற்றியிருக்கிறார். இப்போது கைச்சரக்குத் தீர்ந்து என்னிடமிருந்தே கறக்கிறார் என்று எனக்கு நானே நிரூபித்துக்கொண்டேன்.

நமக்குள் அது நடந்த ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து இரண்டு ரசிகர்கள் வந்திருந்தார்கள். உம் செட்டைப் பற்றி யாரோ சொல்லி, அதைக் கேட்பதற்காகவே பஸ் ஏறி வந்தவர்கள். நீர் புதுச் சட்டை போட்டிருந்தீர். அவர்கள் முன்னாலும் நடு நாற்காலியை எனக்கே கொடுத்தீர். வளையல் ரெக்கார்டு ஓடியது. ஆலாபனை முடிந்து, கீர்த்தனை தொடங்குமுன், இரண்டு விநாடி வீணை நின்று தம்புரா மட்டும் ஓடும். அந்த இடத்தில் நான் கையைத் தூக்கினேன்.

"டம்ளர் வைக்குத சத்தம் கேட்டுதா? யாரோ டம்ளரைக் கீழ வைக்காவ. பித்தளை டம்ளர்."

நீர் கண்ணைத் திறந்தீர். ஒரு நொடி என் முகத்தையே பார்த்தீர். பிறகு வந்தவர்கள் பக்கம் திரும்பி, "ஆமா, டம்ளர்தான். இத்தன வருசம் எனக்குப் பிடிபடல பாருங்க. இவரு காது அப்படி" என்றீர்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. "டம்ளரும் இல்ல, சொம்பும் இல்ல. நான் சும்மா சொன்னேன். இல்லாத சத்தத்துக்கு ஆமா போடுதீரே, இத்தன நாளா நீரு கேட்டேன் கேட்டேன்னு சொன்னதெல்லாம் இந்த லட்சணந்தானா வே?"

வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். உம் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய் ஊசியைத் தூக்கினீர். தட்டைத் துடைத்தீர், உறையில் போட்டீர், ஆம்ப்ளிஃபையரை அணைத்தீர், எல்லாம் எப்போதும் போல நிதானமாக. "சரி வே. பூசைக்கு நேரமாச்சு" என்றீர். மணி பதினொன்றரை. காலைப் பூசை முடித்து வந்தவர் நீர். அந்த நேரத்தில் உம் கோவிலில் எந்தப் பூசையும் கிடையாது. மாடிப்படி இறங்கும்போது, பார், இன்னொரு பொய் என்றுதான் நான் எண்ணிக்கொண்டேன்.

அதோடு நான் வரவில்லை. நீரும் கூப்பிடவில்லை. பீச் ரோட்டுப் பக்கம் போக வேண்டியிருந்தால்கூட வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனேன். பதினோரு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் துறைமுக வாசலுக்கு எதிர் மதிலில், கண்ணீர் அஞ்சலி போஸ்டரில், உம் முகத்தைப் பார்த்தேன். மாரடைப்பு என்றார்கள். கல்லறைத் தோட்டத்தில் கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றேன். மதினி ஒரு முறை திரும்பினார். என்னைத்தான் பார்க்கிறார், எல்லாம் தெரிந்துதான் பார்க்கிறார் என்று எனக்குள் பயம். உமக்கு ஒரு பிடி மண்கூடப் போடாமல் கிளம்பி வந்துவிட்டேன்.

பொட்டலம் வந்த மறுநாள் ரெக்கார்டைப் பையில் போட்டுக்கொண்டு உம் வீட்டுக்குப் போனேன். திருப்பிக் கொடுத்துவிட்டு உடனே வந்துவிடலாம் என்ற எண்ணம்தான். மதினி, "வாங்க தம்பி" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் என்னைக் கலக்கியது.

"இத எதுக்கு மதினி எனக்கு அனுப்புனீங்க?"

"அவிய முன்னமே சொல்லியிருந்தாவ. மத்ததெல்லாம் மக எடுத்துக்கிடட்டும், வளையல் மட்டும் அவருக்குன்னு."

"எம்மேல கோவம் இல்லியா அவருக்கு?"

"அவியளுக்குக் காது கேக்காது. அது உங்களுக்குத் தெரியுமா தம்பி?" என்று கேட்டார் மதினி.

இல்லை என்று தலையாட்டினேன். அவரே சொன்னார். "வலது காது சுத்தமாப் போயி அஞ்சாறு வருசம் இருக்கும். இடதுல கொஞ்சம், அதுவும் கிட்ட இருந்து சத்தமாச் சொன்னாத்தான். இன்ஜின் ரூம்ல நின்ன காதுல்லா. எதிர்ல நிக்கவங்க வாயப் பாத்தே பேச்சைப் புடிச்சிருவாவ, அதனால யாருக்கும் தெரியாது. காதுக்கு மிஷின் வாங்கி வச்சாவ, அதுல கேட்டா வீணை தகரம் மாதிரி இருக்குன்னு கழத்திப் போட்டுட்டாவ."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே மதினி."

"சொல்லுங்கன்னு நானும் எத்தனையோ தடவ சொன்னேன். கேக்கல. 'தெரிஞ்சா அவர் பரிதாபப்பட்டு, இல்லாததையும் சேத்து அழகாச் சொல்லுவாரு. தெரியாம இருந்தாத்தான் உள்ளதை உள்ளபடி சொல்லுவாரு. அவர் சந்தேகப்படுத மனுசன், தப்பாச் சொல்லவே மாட்டாரு'ன்னாவ. நீங்க சொல்லச் சொல்லத்தான் அவியளுக்குப் பாட்டு உள்ள ஓடுமாம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் சோறு திங்கையில, இன்னைக்கு இதக் கேட்டேன், அதக் கேட்டேன்னு எனக்கு ஒண்ணு விடாமச் சொல்லுவாவ. எல்லாம் நீங்க சொன்னதுதான?"

நடு நாற்காலி ஏன் என்று அப்போது புரிந்தது. அந்த ஸ்டூலில் என் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது உம் இடது காது ஸ்பீக்கரைப் பார்த்து இல்லை, என் வாயைப் பார்த்து இருந்தது. நாலு வருஷம் நீர் வீணை கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டீர். நான் உம்மைப் பிடிக்கப் பொறி வைத்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு வெட்கத்தை நான் என் ஆயுளில் பட்டதில்லை.

"அந்த டம்ளரு..." என்று ஆரம்பித்தேன்.

மதினியின் முகம் மாறியது. "அதுக்குப் பொறவு தினமும் மாடிக்குப் போயி அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடுவாவ. ஸ்பீக்கர்ல காதை ஒட்டி வச்சுக்கிட்டு நிப்பாவ. என்னக் கூப்பிட்டு, 'ஏளா, டம்ளர் கேக்குதான்னு பாரு'ன்னாவ. எனக்கு ஒண்ணும் கேக்கல தம்பி. அந்த மூஞ்சியப் பாத்து இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆமா, கேக்குன்னு சொல்லிட்டேன். அவியளுக்கு அப்படி ஒரு சிரிப்பு. 'பாத்தியா, கேக்காத ஒண்ணை அவர் சொல்ல மாட்டாரு, நான் காதை மறைச்சு வச்சதைக் கண்டுபிடிச்சிருப்பாரு, அந்தக் கோவத்துல டம்ளர் இல்லன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு'ன்னாவ."

சொல்லிவிட்டு மதினி என்னை நேராகப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க தம்பி. டம்ளர் இருக்கா இல்லியா? போற மனுசங்கிட்டப் பொய் சொல்லி அனுப்பிட்டனோன்னு மாதா முன்னால போயி நிக்கவே கூசுது."

முப்பத்தைந்து வருஷம் மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததையெல்லாம் நம்பாமல் திறந்து பார்த்தவனுக்கு அன்றைக்கு வந்த கேள்வி இது. யோசிக்கவே இல்லை.

"இருக்கு மதினி. அன்னைக்குக் கோவத்துலதான் இல்லன்னு சொல்லிட்டேன்."

அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். என்னை நம்பினாரா, எனக்காக நம்பியது போல் இருந்தாரா என்று தெரியவில்லை. ரெக்கார்டைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்.

இன்றைக்கு ஞாயிறு. என்னிடம் இருக்கிற சின்ன செட்டில் அதைப் போட்டேன். அந்த இரண்டு விநாடியை எட்டு முறை, பத்து முறை கேட்டேன். எப்படியாவது ஒரு டம்ளர் அகப்பட்டுவிடாதா என்று தவித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஏமாறுவதற்கு ஆசைப்பட்டேன், அகப்படவில்லை.

சந்தேகம் மட்டும் என்னை விடவில்லை. காது இருந்த காலத்திலேயே அந்தத் தட்டை அணு அணுவாகக் கேட்டவர் நீர். அதில் இல்லாத டம்ளர் திடீரென்று எங்கிருந்து வரும் என்று உமக்குத் தெரியாதா? என் முகத்தைப் பார்த்த அந்த ஒரு நொடியில் நீர் பொய்யைக் கண்டுபிடித்திருந்தால்? ஊரார் முன் என்னைக் காட்டிக் கொடுக்க வேண்டாம் என்று ஆமா போட்டிருந்தால்? மதினியிடம் சொன்னதும் என் பெயர் கெடாமல் இருக்க நீர் கட்டிய கதைதானோ? அப்படியென்றால் நீர் என்னை மன்னித்துவிட்டுத்தான் போனீர். அப்படி இல்லை, உம் ஞாபகத்தைவிட என் காதைப் பெரிதாக நம்பினீர் என்றால், நான் உம்மை ஏமாற்றி அனுப்பியிருக்கிறேன். எது என்று யாரைக் கேட்பேன்? இனிமேல் என் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் இதோடுதான் போகும்.

தெரிந்தால் இல்லாததைச் சேர்த்துச் சொல்லுவேன் என்று பயந்தீராமே. இப்போது எல்லாம் தெரிந்த பிறகும் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், கேளும். ஆலாபனை முடிகிறது. அந்த அம்மாள் கையை எடுக்கிறார். தம்புரா மட்டும் ஓடுகிறது. வேறு ஒன்றும் இல்லை. டம்ளர் இல்லை வே. மதினி என்றைக்காவது அங்கே வந்து கேட்டால் மட்டும், இருக்கிறது என்று சொல்லிவிடும்.